மாமிக்கு நான் போட்ட முதல் சத்தம்

என் மாமியாரோடு நான் முதன்முதலாகப் பேசியது கல்யாணமாகி இரண்டு வருடம் கழித்து. பேசியது கூரை மேலிருந்து. அதுவும் மோட்டர் சத்தத்துக்கு மேலால், ஊரே கேட்கும்படி. இதை ஒளித்து வைத்துப் பயனில்லை. குறிஞ்சிப்பிட்டியில் யாரைக் கேட்டாலும் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

நான் கூச்ச சுபாவம் உள்ளவன். சின்ன வயதிலேயே அப்படித்தான். கடையில் பாண் வாங்கப் போனால், முன்னால் நிற்கிறவர்கள் எல்லாரும் வாங்கிப் போய், பின்னால் வந்தவர்களும் வாங்கிப் போய், கடைக்காரரே பார்த்து "உனக்கு என்னடா வேணும்?" என்று கேட்கும்வரை நிற்பேன். (சில நாள் அவரும் கேட்க மாட்டார். அன்றைக்கு வீட்டில் சோறுதான்.) இப்படிப்பட்ட ஒருவன், கல்யாணம் முடித்துப் பெண் வீட்டில் போய் இருக்க வேண்டிய வழக்கமுள்ள ஊரில் பிறந்தது என்ன சோதனையோ தெரியாது.

மருமகன் மாமியாரோடு முகம் பார்த்துப் பேசுவது எங்கள் பக்கத்தில் மரியாதைக் குறைவு. மற்றவர்கள் ஒரு மாதம், இரண்டு மாதம் அந்த மரியாதையைக் காப்பாற்றிவிட்டு மெதுவாகப் பேசத் தொடங்கிவிடுவார்கள். நான் இரண்டு வருடமாக விடாமல் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். மாமியும் சளைத்தவர் இல்லை. எல்லாக் கதையும் என் மனைவி ஸரீனா வழியாகத்தான் போகும், வரும்.

"ஆணத்துக்கு உப்புக் காணுமா எண்டு கேளு மகள்" என்பார் மாமி, கறிச் சட்டியோடு குசினி வாசலில் நின்று.

"காணும் எண்டு சொல்லு" என்பேன் நான், சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி.

"காணுமாம்" என்பாள் ஸரீனா, தலையில் கை வைத்துக்கொண்டு. (காணும் என்றால் போதும்.) மூன்று பேருக்கும் நடுவில் ஒரு கதிரைதான் இருக்கும்.

இப்படி அமைதியாகப் போய்க்கொண்டிருந்த வீட்டில், ஸரீனாவின் தங்கச்சி பஸ்லாவுக்குக் கனமூலையில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல இடம். மாப்பிள்ளை நௌபர் அடக்கமான பிள்ளை. பெண்ணைப் பெண்கள் வந்து பார்த்துப் பிடித்துப் போய்விட்டது. மிச்சம் இருந்தது வீடு. பஸ்லாவுக்கு நாங்கள் இருந்த அந்த வீட்டைத்தான் கொடுப்பதாகப் பேச்சு. எனக்கும் ஸரீனாவுக்கும் பக்கத்து வளவில் வேறு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள் நேராகப் பார்ப்பார்கள். வீட்டைப் பார்க்க வருகிற ஆண்களோ அண்ணாந்து பார்ப்பார்கள். அதிலும் மாப்பிள்ளையின் பெரிய வாப்பா, அதாவது பெரியப்பா, வீடு கட்டும் மேசன் பாஸ். அவர் சரி என்றால்தான் சம்பந்தம் சரி.

அவர்கள் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து பகல் சாப்பாட்டுக்கு வருவதாக ஏற்பாடு. வியாழன் இரவு மழை.

எங்கள் ஊரில் வருடத்தில் முக்கால்வாசி நாள் வெயிலும் காற்றும்தான். மழை வருவது ஐப்பசி, கார்த்திகையில். அதுவரை கூரை என்று ஒன்று இருப்பதே யாருக்கும் நினைவிருக்காது. வெள்ளி விடிந்து பார்த்தால், ஹோலின் நடுமையத்தில், பாய் விரித்து விருந்து வைக்க வேண்டிய அதே இடத்தில், ஒரு சின்னக் குளம்.

மாமி குளத்தையும் பார்த்தார், கூரையையும் பார்த்தார். முகம் வெளுத்துப் போனது. மாமா உயிரோடு இல்லை, மௌத்தாகிச் சில வருடம். மச்சான் கட்டாரில். அந்த வீட்டில் ஆம்பிளை என்று சொல்ல நான் ஒருவன்தான் இருந்தேன். (சொல்லலாம். அதற்கு மேல் பெரிய பலன் இருக்கவில்லை.)

"பாஸுக்கு ஒரு கோல் எடுக்கச் சொல்லு மகள்" என்றார் மாமி.

எடுத்தேன். எங்கள் ஊர் பாஸ் போனைத் தூக்கவில்லை. மழை பெய்த மறுநாள் எந்த பாஸும் போனைத் தூக்க மாட்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

"ஆம்பிள இல்லாத ஊடு எண்டுதான் சொல்லப் போறாங்க. ஒழுகுற ஊட்டக் காட்டி ஏமாத்தப் பாத்தாங்க எண்டும் சொல்லுவாங்க" என்று மாமி சுவரைப் பார்த்துச் சொன்னார். அது என்னைக் குத்துவதற்காகச் சொன்னதில்லை. பயத்தில் சொன்னது. ஆனால் எனக்குள் ஏதோ ஒன்று எழும்பிவிட்டது.

"நான் பாக்கிறேன் எண்டு சொல்லு" என்றேன் ஸரீனாவிடம்.

ஸரீனா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "நீங்களா? ஒங்களுக்குக் கூரையப் பத்தி என்ன தெரியும்?"

"கூரையில என்ன தெரிய வேணும்? ஓட்டை இரிக்கி, அடைக்கணும்."

இந்த ஞானத்தோடு நான் வேலையைத் தொடங்கினேன். பஸ்லாவை உடுத்தி அலங்கரிக்கச் சின்னம்மாவான சாச்சியின் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு ஸரீனா போய்விட்டாள். பிரியாணி பக்கத்து வீட்டு ஹாஜரா தாத்தாவின் வளவில் வெந்துகொண்டிருந்தது. (எங்கள் பக்கத்தில் தாத்தா என்றால் அக்கா.) வீட்டில் மீதி இருந்தது நானும் மாமியும், நடுவில் தூது போக ஆளில்லாத ஒரு வெறுமையும்.

ஒருவர் கூரையிலோ தென்னையிலோ ஏறுவதானால் எங்கள் ஊரில் முதலில் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும். "ஏறுறோம்!" என்று உரத்துக் கூப்பிட்டால், அக்கம்பக்கத்து வளவுகளில் கிணற்றடியில் நிற்கிற பெண்கள் உள்ளே போவார்கள், அல்லது தலையில் முக்காட்டை இழுத்துவிடுவார்கள். தேங்காய் பறிக்கிறவர்களுக்கு இது தானாக வரும். எனக்கு வரவில்லை. ஏணியில் கால் வைத்து, வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து, கடைசியில் ஒரு தரம் இருமினேன்.

முகட்டுக்கு மேலால் என் தலை தெரிந்ததுதான் தாமதம், "அல்லாஹ்வே!" என்று ஹாஜரா தாத்தா அகப்பையோடு குதித்தார். "ஆரது? ஸரீனாட மாப்பிள்ளையா? ஏறுறதுக்கு முந்தி ஒரு சத்தம் போட வாய் இல்லையா ஒங்களுக்கு?"

"இருமினேன் தாத்தா."

"இருமினா நான் மருந்தா குடுக்கிற? சத்தம் போடணும் தம்பி, சத்தம்!"

வெட்கத்தில் ஓட்டோடு ஓடாக ஒட்டிக்கொண்டேன். கீழே குளம் இருந்த இடத்தை மனதில் அளந்து, அதற்கு நேர் மேலே இருந்த ஓட்டைக் கண்டுபிடித்தேன். பொருள்கள் நேராகக் கீழே விழும் என்று எட்டாம் வகுப்பில் படித்திருந்தேன். ஓட்டில் வெடிப்பு எதுவும் தெரியவில்லை. தெரியாவிட்டால் என்ன, கண்ணுக்குத் தெரியாத வெடிப்பாக இருக்கும் என்று கொண்டுபோன சீமெந்தை எல்லாம் குழைத்து அந்த ஓட்டின் மேல் அப்பினேன். தொப்பி மாதிரி உருண்டையாக, அழகாக வந்தது. அதைத் தட்டிக்கொடுத்துவிட்டு, ஒரு பொறியியலாளரின் திருப்தியோடு உட்கார்ந்தேன். தண்ணீருக்கு எட்டாம் வகுப்புப் பாடம் தெரியாது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

சரி, அடைத்தாயிற்று. சோதித்துப் பார்க்க வேண்டாமா? கூரையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். கீழே ஒருவர் நின்று ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு வாளி தண்ணீர் போதும் இந்த வேலைக்கு. ஆனால் நான் வெங்காயத் தோட்டத்துக்காரன். தண்ணீர் என்றால் எனக்கு மோட்டர்தான். கிணற்றடியில் இருந்து தோட்டத்துக்குப் போகிற தடித்த குழாயைக் கழற்றி, தோளில் போட்டு, கூரைக்கு ஏற்றிவிட்டேன். ஒரு ஏக்கர் வெங்காயத்தை நனைக்கிற மோட்டர், ஒரு ஹோலை நனைக்காதா?

மோட்டரைப் போட்டுவிட்டு மேலே போகிற வழியில் வாசலில் மாமி நின்றார். நான் நிலத்தைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். "மாமி, ஒழுகினா ஒரு சத்தம் போடுங்க" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. மாமி உள்ளே போய் ஹோலில் நின்றுகொண்டார். சொல்லாமலே விளங்கிக்கொண்டார் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

தண்ணீர் பாய்ந்தது. முகட்டில் அடித்தேன், நடுவில் அடித்தேன், என் சீமெந்துத் தொப்பிக்கு விசேஷமாக அடித்தேன். (அதன் ஒரு பக்கம் கரைந்து ஓடியது.) கீழே இருந்து சத்தமே இல்லை.

சத்தம் இல்லை என்றால் ஒழுகவில்லை என்றுதானே அர்த்தம்? எனக்கு உற்சாகம் கூடிவிட்டது. பின்னால் போட்ட சீட் கூரைப் பக்கமும் அடித்தேன். பழைய ஹோலுக்கு ஓடு. பிறகு சேர்த்துக் கட்டிய அறைக்கு சீட். இரண்டும் சேருகிற இடத்தில் ஒரு பீலி, அதாவது மழைத் தண்ணீர் ஓடுகிற தகர வாய்க்கால். அந்தப் பக்கம் குழாயைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். கீழே அப்போதும் அமைதி. இப்படி ஒரு கூரையை எந்த பாஸாலும் செய்ய முடியாது என்று நினைத்தேன்.

கீழே நடந்தது வேறு. முதல் நிமிடத்திலேயே ஒழுகத் தொடங்கிவிட்டது. மாமி ஒரு வாளியை வைத்தார். அது நிரம்பத் தாச்சியை வைத்தார். அது நிரம்ப, விருந்துக்காகக் கழுவி அடுக்கி வைத்திருந்த சஹன் தட்டுகளை, ஆறு பேர் சுற்றி இருந்து சாப்பிடுகிற அந்தப் பெரிய தட்டுகளை, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஒரு சத்தம் போட்டால் முடிந்தது. போடவில்லை. மருமகனைப் பெயர் சொல்லியோ உறவு சொல்லியோ கூப்பிட்டுப் பழக்கமில்லை. அதுவுமல்லாமல், மருமகன் ஏதோ தெரிந்துதான் அடிக்கிறார் என்று நினைத்தாராம். இதற்குள் என் போன் வேறு ஹோலில் கிடந்து அடித்திருக்கிறது. ஸரீனாதான். மருமகனின் போனைத் தொடுவது எப்படி என்று மாமி அதன் மேல் ஒரு துணியை மட்டும் போட்டு, நனையாமல் பாதுகாத்திருக்கிறார்.

ஸரீனா எதற்காக போன் எடுத்தாள் என்பதைக் கூரையிலிருந்தே நான் கண்டுகொண்டேன். பள்ளிவாசல் மூலையில் ஒரு வெள்ளை வேன் திரும்பியது. அதன் பின் கண்ணாடியில் கனமூலைக் கடை ஒன்றின் பெயர். மாப்பிள்ளை வீட்டார் ஜும்ஆவை எங்கள் பள்ளியிலேயே தொழுவோம் என்று நேரகாலத்தோடு முன்னதாகவே புறப்பட்டுவிட்டார்கள். மணல் வீதியில் வேன் ஆடி ஆடி வந்துகொண்டிருந்தது.

கூச்சம், மரியாதை, இரண்டு வருடம் எல்லாம் ஒன்றாகப் பறந்தது.

"மாமீஈஈ!"

அந்தச் சத்தம் என்னுடையதுதானா என்று நானே திரும்பிப் பார்த்தேன். ஹாஜரா தாத்தாவின் வளவில் அகப்பை கீழே விழுந்தது.

பிறகு ஓட்டுக்குக் கீழிருந்து, நான் அதுவரை கேட்டறியாத ஒரு பெரிய குரல்: "என்னா மருமகன்?"

"வேன் வருது மாமி! மாப்பிள்ள ஊட்டு வேன்!"

"தண்ணிய நிப்பாட்டுங்க! ஊடு நெறஞ்சி போச்சி!"

"ஒழுகுதா?"

"ஒழுகுதாவா? வாளி நெறஞ்சி, தாச்சி நெறஞ்சி, சஹனும் நெறஞ்சி! நான் இப்ப கணுக்கால் தண்ணியில நிக்கிறேன்!"

"ஏன் மாமி சொல்லல்ல?"

"நீங்க கேக்கல்லயே!"

மாமி ஓடிப் போய் மோட்டரை நிறுத்தினார். திரும்பி முற்றத்தில் நின்று அண்ணாந்து என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். மாமியின் கண் பூனைக்கண் என்று அன்றைக்குத்தான் தெரியும்.

"எங்கேர்ந்து வருது மாமி? நடுவுலயா?"

"நடுவுல விழுது. வாறது அங்கேர்ந்து இல்ல. நீங்க சீட்டுப் பக்கம் அடிக்கக்குள்ளதான் கொட்டிச்சி. ஓடும் சீட்டும் சேருற எடத்துல உள்ளுக்கு வந்து, கைமரத்துல ஓடி, நடுவுக்கு வந்து சொட்டுது. கண்ணால பாத்தேன்!"

பீலிக்கு ஓடினேன். கையை விட்டால், அப்பா! எங்கள் கரையோரத்துக் காகங்கள் வருடக்கணக்காக அங்கே ஒரு குடும்பமே நடத்தியிருக்கின்றன. கிழிந்த வலைத் துண்டு, மீன் முள்ளு, இறால் தலை, வேப்பஞ் சருகு, எல்லாம் பிசைந்து வைத்த மாதிரி ஒரு அடைப்பு. அதற்குள் யாரோ ஒரு பிள்ளையின் செருப்பு. பீலியில் ஓட வழியில்லாத தண்ணீர் மேலே ஏறி, ஓட்டுக்குக் கீழால் வீட்டுக்குள் போயிருக்கிறது. இரண்டு கையாலும் அள்ளி எறிந்தேன். தேங்கி நின்ற தண்ணீர் குடுகுடு என்று இறங்கி ஓடியது. அந்த ஓசையைப் போல இனிமையான ஒன்றை நான் அதற்குப் பிறகும் கேட்டதில்லை.

பீலி ஓரத்தில் ஓர் ஓடும் வெடித்திருந்தது. தேங்காய் விழுந்த வெடிப்பு.

"மாமி! தகரம் ஒண்டு வேணும்! தட்டையா!"

மாமி உள்ளே ஓடி, பெருநாள் பிஸ்கட் டின்னின் மூடியை எடுத்து வந்து, கையைச் சுழற்றி ஒரு வீச்சு வீசினார். அது காற்றில் மிதந்து வந்தது. நான் பிடித்தேன். என் வாழ்க்கையில் நான் பிடித்த ஒரே கெட்ச் அது. வெடித்த ஓட்டுக்குக் கீழே மூடியைச் சொருகி, மேல் ஓட்டை அதன் மேல் இழுத்துவிட்டேன்.

"சரியா மருமகன்?"

"சரி மாமி!"

அதே நேரம் வேன் வாசல் படலையில் வந்து நின்றது. மாமி செய்த அடுத்த காரியத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஏணி நின்றால் கூரையில் கோளாறு என்று அர்த்தம். ஆகவே ஏணியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் ஓடிவிட்டார். மேலே நான் இருந்தேன்.

முகட்டுக்கு அந்தப் பக்கம் போய்ப் படுத்துக்கொண்டேன். சாரனை மடித்துக் கட்டி, தலையிலும் தாடியிலும் சீமெந்து அப்பி, மீன் முள்ளு மணக்க இருந்தேன். குதிக்கலாம் என்றால் கீழே ஹாஜரா தாத்தாவின் பிரியாணிச் சட்டி. கூப்பிடலாம் என்றால் முற்றம் நிறைய சம்பந்தி வீட்டு ஆண்கள். போட்ட சத்தம் எல்லாம் தீர்ந்து, பழைய கூச்சம் திரும்பி வந்துவிட்டது. அவர்கள் பள்ளிக்குப் போன பிறகும், தண்ணீர் தள்ளுகிற அவசரத்தில் மாமிக்கு ஏணி நினைவில்லை, எனக்குக் கூப்பிட வாய் வரவில்லை; ஜும்ஆவும் அப்படியே தவறிப் போனது. (அதை அல்லாஹ்விடம் தனியாகச் சொல்லிக்கொண்டேன்.)

அவர்கள் தொழுதுவிட்டு வரும்போது மாமி ஹோல் தண்ணீரை ஈர்க்கில் விளக்குமாற்றால் தள்ளி முடித்திருந்தார். சஹன் தட்டுகளையும் துடைத்தாயிற்று. "மாஷா அல்லாஹ், நாங்க வாறம் எண்டு ஊட்டையே கழுவி வெச்சிரிக்காங்க" என்று யாரோ சொன்னது எனக்கு ஓட்டு இடுக்கால் கேட்டது.

பிறகு ஒரு கனத்த குரல். பெரிய வாப்பா. "ஓடு பழசு. மழைக்கு எப்பிடி?"

திரைக்குப் பின்னாலிருந்து மாமி, கொஞ்சமும் தயங்காமல்: "ஒழுகாது. எங்கட மூத்த மருமகன் பாத்துக்குவார்."

படுத்தபடியே என் கண் கலங்கியது. அடுத்த நொடி முகம் முழுக்க நனைந்தது. மழை.

சாதாரண மழையில்லை. வானம் மோட்டர் போட்ட மாதிரி. எனக்கு ஒளிவதெல்லாம் மறந்து போனது. தவழ்ந்து பீலிக்குப் போய் அதன் பக்கத்தில் குந்தினேன். சருகு அடித்து வர வர அள்ளினேன். உள்ளே பேச்சு நின்றுவிட்டது. எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். நான் பிஸ்கட் மூடியை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தெரிந்த ஓதல் எல்லாம் ஓதினேன்.

ஒரு சொட்டு விழவில்லை.

"ம்ம்" என்றார் பெரிய வாப்பா. ஒரு பாஸின் "ம்ம்" எவ்வளவு பெரிய வார்த்தை என்று அன்று அறிந்தேன்.

பாய் விரித்தார்கள். சஹன் வந்தது. பிரியாணி மணம் ஓட்டு இடுக்கால் ஏறி வந்து என்னை வதைத்தது. அப்போதுதான் ஒருவர் எண்ணிப் பார்த்துச் சொன்னார்: "இந்தச் சஹனுக்கு ஒராள் கொறயுது. மூத்த மருமகன் எங்க? அவர் வரட்டும், தொடங்குவோம்."

ஒராள் குறைந்த சஹனில் விருந்தாளிகள் கை வைக்க மாட்டார்கள். சோறு ஆறிக்கொண்டிருந்தது. பிறகு பின்கதவு திறந்தது. மாமி குடையோடு முற்றத்துக்கு வந்து, மழைக்குள் அண்ணாந்து, தன் முழுக் குரலில் கூப்பிட்டார்:

"மருமகன்! எறங்குங்க! சஹனுக்கு ஒராள் கொறயுது!"

நானும் முழுக் குரலில் பதில் சொன்னேன். இனி என்ன மிச்சம் இருக்கிறது? "ஏணிய வெய்ங்க மாமி!"

கனமூலை முழுவதும் வெளியே ஓடி வந்தது. மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் வாப்பா, பெரிய வாப்பா எல்லாரும் தாழ்வாரத்தில் நின்று, மழையில் கூரை மேல் குந்தியிருக்கிற என்னைப் பார்த்தார்கள். நான் ஸலாம் சொன்னேன். வேறு என்ன சொல்வது?

பெரிய வாப்பாதான் முதலில் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். "நாப்பது வருஷமா ஊடு கட்டுறேன். மழைக்குள்ள கூரையில ஆள் வெச்சிக் காக்கிற ஊட்ட இண்டைக்குத்தான் பாக்கிறேன். இந்த ஊட்டுக்குக் கூரையும் இரிக்கி, கூரைக்கு ஆளும் இரிக்கி. வேற என்ன பாக்க? பேச்ச முடிங்க!"

ஏணியை அவரே பிடித்தார். வேறு சாரன் மாற்ற விடாமல் சஹனில் தன் பக்கத்தில் என்னை இருத்திக்கொண்டார். அன்று அந்த ஹோலில் சொட்டியது நான் மட்டும்தான்.

சாச்சி வீட்டிலிருந்து பதறி ஓடி வந்த ஸரீனா, குசினி வாசலில் நின்று, நானும் மாமியும் நேருக்கு நேர் பேசுவதைப் பார்த்து, தலையில் வைக்கப் போன கையைக் கீழே இறக்கினாள். "இன்னும் கொஞ்சம் எறச்சி வெய்க்கவா மருமகன்?" "காணும் மாமி." அவ்வளவுதான். அவளுக்கு வேலை போய்விட்டது.

இப்போது மாமியும் நானும் பேசத் தொடங்கினால் ஸரீனா எழுந்து போய்விடுவாள், அவ்வளவு கதை. ஒவ்வொரு ஐப்பசியும் மழைக்கு முந்தி நான் ஏறுவேன். முதலில் ஊர் கேட்கச் சத்தம் போடுவேன். ஹாஜரா தாத்தா, "வெளங்கிச்சி தம்பி, வெளங்கிச்சி, காது போகுது" என்பார். பீலியை அள்ளுவேன், விலகிய ஓட்டைத் தள்ளி வைப்பேன், கறள் பிடித்த ஆணியைத் தட்டிப் பார்ப்பேன். உப்புக்காற்று ஊரில் ஆணிக்கு ஆயுள் குறைவு. மாமி ஹோலில் நின்று கட்டளை போடுவார். பிஸ்கட் மூடி இன்னும் அதே இடத்தில் இருக்கிறது. நடுக்கூரையில் என் சீமெந்துத் தொப்பியும் அப்படியே இருக்கிறது. எதையும் தடுக்காமல், எதற்கும் உதவாமல், காகம் உட்கார மட்டும். வீட்டில் யாராவது தேவையில்லாத இடத்தில் தேவையில்லாத வேலை செய்தால், "தொப்பி வெச்சிட்டாங்க" என்பதுதான் பேச்சு.

நௌபர் இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தார். நல்ல பிள்ளை, ஆனால் மகா கூச்சம். மாமியைக் கண்டால் நிலத்தைப் பார்ப்பார். உப்புக் காணுமா என்ற கேள்வி பஸ்லா வழியாகப் போய், பஸ்லா வழியாகவே வந்தது. மாமி ஒரு மாதம் பொறுத்தார், இரண்டு மாதம் பொறுத்தார். ஒரு நாள் நாங்கள் எல்லாரும் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது, கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மருமகன், அந்த ஏணி எங்க வெச்சீங்க?"

நௌபர் அப்படியே கையெடுத்துக் கும்பிடாத குறையாக எழுந்து நின்று, "மாமி, உப்புக் காணும் மாமி, நல்லாக் காணும்!" என்றார்.